அக்கா சொன்ன வீடுகள்

தொண்ணூறுகளின் நடுவில், மலாக்காவின் செலண்டாருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் டைப்பிஸ்டாக இருந்தேன். கல்யாணமாகி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் புதிதாக வந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போவார். அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், தோட்டத்து லோரி ஓட்டுநர். அவர்களுக்கு ஒரே மகள், இன்னும் பள்ளிக்கூட வயசு ஆகவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, என் ஸ்டிக்கர் பொட்டுகளையெல்லாம் உரித்துத் தன் கையிலும் என் கையிலும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் கண் சிவந்து, மூக்கு ஒழுக வந்தாள். இருமல் வேறு. வெளிச்சம் பார்க்க முடியாமல் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உடம்பு கொதித்தது. அதற்குப் பிறகு காதின் பின்புறம் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. முகம், நெஞ்சு என்று இறங்கின.

அக்கா வாசலில் வேப்பிலை கட்டினார். ஆத்தா வந்திருக்கும்போது ஊசி போடக்கூடாது என்றார் அண்ணன். ஏற்கெனவே இன்னும் சில வாசல்களில் வேப்பிலை தொங்கியது. யாரும் அதைப்பற்றி வெளியே பேசவில்லை. லயத்தில் தாளிக்கும் வாசனைகூட நின்றுபோனது.

புள்ளிகள் மங்கிப் பழுப்பாகின. தலைக்குத் தண்ணீர் ஊற்ற அக்கா நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிள்ளைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. ஆபீஸ் வண்டியில் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மலாய் பேசத் தெரியும் என்று நானும் கூடப் போனேன்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். இது தட்டம்மை, நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார். தோட்டத்தில் வேறு பிள்ளைகளுக்கு இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தபடி, இல்லை என்றார். அக்கா மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பிள்ளை போய்விட்டது.

அடக்கம் செய்து சில நாள் கழித்து, அக்கா ஆபீசுக்கு வந்தார். தலை வாரியிருக்கவில்லை. என் மேசை முன்னால் நின்று, "சுகாதார ஆபீசுக்கு போன் போடு தங்கச்சி. எந்தெந்த வீடுன்னு நான் சொல்றேன், நீ மலாய்ல சொல்லு" என்றார்.

அவர் ஒவ்வொரு வீடாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக மலாயில் திருப்பிச் சொன்னேன்.

மறுநாள் சுகாதார ஆபீஸ் நர்சுகள், மிஸ்ஸிகள், வேனில் வந்தார்கள். முதல் வீட்டுக்காரர்களே கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆத்தா விஷயத்தைக் கவர்மெண்டுக்குச் சொன்னது யார் என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான்தான் சொன்னேன்," என்றார் அக்கா. "நானும் வேப்பிலைதான் கட்டுனேன். ஆத்தா மேல எனக்குக் கோவம் இல்ல. ஒம் புள்ளைக்கு இன்னும் மூச்சு இருக்குல்ல? கதவத் தொற."

கதவு திறந்தது. காய்ச்சலும் கண் சிவப்புமாகக் கிடந்த ஒரு பிள்ளையின் கன்னத்துக்கு உள்ளே டார்ச் அடித்து, உப்புக்கல் தூவியதுபோல் வெள்ளைப் பொட்டுகள் இருப்பதை மிஸ்ஸி எங்களுக்குக் காட்டினார். புள்ளி வெளியே வருமுன்பே இது தெரியுமாம். மூச்சு வாங்கியவர்களை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். இன்னும் நோய் வராத பிள்ளைகளுக்கு, வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் தடுப்பூசி போட்டார்கள்.

அக்கா வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றார். விவரம் தெரியாத ஒரு மிஸ்ஸி, உங்கள் பிள்ளையையும் கூட்டி வாருங்கள் என்று மலாயில் சொன்னார். அழுதுகொண்டிருந்த யாருடைய குழந்தையையோ அக்கா வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு தோட்டத்தில் வேறு பிள்ளை சாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் மெலிந்து திரும்பி வந்து, மறுபடி லயத்து வாசலில் ஓடினார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அக்கா உள்ளே போய்விடுவார். சில வீடுகள் அவரோடு கடைசிவரை பேசவில்லை.

அடுத்த வருடம் அண்ணனுக்கு ரெம்பியா என்ற ஊர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போனார்கள். லோரி கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்து, "மொதல்லயே கூட்டிக்கிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பாளா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.