குமரேசன் அண்ணன் கேட்ட கிட்டார்

செவ்வாய்க்கிழமை காலை குமரேசன் அண்ணன் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. கிட்டாருக்குப் புது டோன் வைத்து, வாசித்து அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். போன் ஸ்பீக்கரில் கேட்டேன் என்று தெரிந்தால் திட்டுவார். அதனால் ஹெட்போனைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். கிட்டார் வரவில்லை. அவர் மனைவி தேவகி அக்கா பேசினார். "தம்பி, அண்ணன் போயிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. உங்க குரூப்புல சொல்லிடுங்க சாமி." அந்தச் செய்தியைக் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்க வேண்டாம்.

நம் கிட்டார் குரூப்பில் பலர் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் மல்லசமுத்திரத்துக்காரர். போர்வெல் ரிக் வண்டியில் வேலை. வண்டி வடக்கே கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். கிட்டார், அதன் டோனை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெட்டி, ஹெட்போன் மூன்றும் லாரி கேபினில் அவரோடு போகும். ஊரில் இருக்கும் நாட்களில் கோயில் நோம்பிகளுக்கு, அதாவது திருவிழாக்களுக்கு, வாசிக்கும் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் அவர்தான் கிட்டார்.

நான் அயோத்தியாப்பட்டணத்தில் வீடியோ பார்த்தே கிட்டார் பழகியவன். எந்தச் சத்தத்தை எவ்வளவு தூக்கும் என்று காட்டும் ஹெட்போன் கிராஃப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் குரூப்பில், டோன் வைக்க நியூட்ரல் ஹெட்போன்தான் வேண்டும், பேஸையும் தூக்காமல் ட்ரெபிளையும் தூக்காமல் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும் என்று மூச்சு விடாமல் எழுதியிருந்தேன். முதல் பதில் அவருடையது. "உப்பில்லாத சோறுன்னு தெரிஞ்சே எதுக்குங்க தம்பி எலையில உக்காரோணும்?" அன்று தொடங்கிய சண்டை அப்படியே சிநேகமாகிவிட்டது.

சங்ககிரி நோம்பியில் அவர் வாசிப்பதைக் கேட்கப் போயிருந்தேன். விரல்கள் அற்புதமாக ஓடின. ஆனால் சத்தம் தகரத்தைக் கிழிப்பதுபோல் இருந்தது. சவுண்டுகாரர் கிட்டாரின் அளவை இறக்கிக்கொண்டே இருந்தார். கச்சேரி முடிந்ததும் ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறவர் வந்து, "குமரேசா, கோவிச்சுக்காதே. அடுத்த நோம்பியிலயும் இப்படிக் காதைக் குத்துச்சுன்னா கிட்டார் பங்கைக் கீபோர்டுலயே வாசிச்சுக்கலாம்" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "சரிங்க" என்றார்.

பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போதுதான் என்னிடம் சொன்னார். "ரிக் கம்ப்ரசர் பக்கத்துல நின்னு நின்னு எனக்கு மேல்சத்தம் போச்சுங்க தம்பி. குக்கரு விசிலடிச்சாக் கேக்குது. அதுக்கு முன்னாடி உஸ்ஸுன்னு ஒண்ணு வருமாமா, அது கேக்கறதே இல்லை. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா மேடை போயிரும்." கொஞ்ச நேரம் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். "மேடை போச்சுன்னா அப்புறம் நான் எங்கீங்க வாசிக்கறது?"

அவருடைய ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தேன். பாட்டுக் கேட்பதற்கென்றே பேஸைத் தூக்கிவிட்ட ரகம். எல்லாம் இடி மாதிரி விழுந்தது. அதைக் கேட்டு அவர் பெட்டியில் பேஸைக் குறைத்திருக்கிறார். மேல்சத்தம் காதில் விழாததால் ட்ரெபிளை ஏற்றியிருக்கிறார். கேபினில் அது கம்பீரமாகத்தான் இருந்திருக்கும். மேடை ஸ்பீக்கரில் மிஞ்சியது தகரம் மட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு கடைக்குப் போனோம். நான் கிராஃப்களைப் பார்த்து நான்கைந்து ஹெட்போன்களைக் குறித்து வைத்திருந்தேன். கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டினார். "இதைக் கேளுங்கண்ணா, மண்டையே அதிரும்." அண்ணன், "அதுர்றதுக்கு எங்க ரிக்கே இருக்குதுங்க" என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, தன் போனில் எதையோ தேடினார். தேவகி அக்கா அனுப்பியிருந்த பழைய குரல் பதிவு அது. நான் குறித்திருந்த ஒவ்வொன்றிலும் அதையே போட்டுக் கேட்டார். எனக்கும் மாட்டிவிட்டார். "ஏனுங்க, ஒறம்பரை வந்து உக்காந்திருக்குது, கோழி வாங்கியாரச் சொன்னா போனையே எடுக்க மாட்டேங்கறீங்க. உங்க கிட்டாரை அறுத்தா குழம்பு வெக்கறது?"

ஒன்றில் அக்கா அண்டாவுக்குள் உட்கார்ந்து பேசினார். இன்னொன்றில் மூக்கடைப்போடு பேசினார். கடைசியில் ஒன்றை மாட்டியதும் அண்ணன் நிமிர்ந்தார். "இதுலதான் எம்பொண்டாட்டி எம்பொண்டாட்டியாட்டப் பேசறா. இதையே போடுங்க." கடைக்காரர், "பேஸே வராதுங்களேண்ணா" என்றார். "அவளுக்கு எதுக்குங்க பேஸு? அவ பேசுனாவே அதிரும்." என் பட்டியலில் அது இரண்டாவது. கிராஃபும் தேவகி அக்காவும் ஏறக்குறைய ஒத்துப்போனதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆனாலும் அவர் காது பழையபடி ஆகிவிடாதே என்று எனக்குக் கவலை இருந்தது. அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். நல்ல ஸ்டுடியோவில் பதிவான கிட்டார் ஒன்றை எடுத்து, அதையும் தன் டோனையும் மாற்றி மாற்றிக் கேட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை திருகினார். "ரெண்டும் எங்காதுல இருக்கற ஒரே ஓட்டை வழியாத்தான் போகுது. ரெண்டும் ஒண்ணாட்டம் கேட்டாச் சரி. பழைய ஹெட்போன்ல இது நடக்காது, அது எல்லாத்து மேலயும் கம்பளியைப் போத்திடும்" என்றார். எனக்கும் அனுப்புவார். "மேல குத்துதுங்களா தம்பி? மொகத்துக்காகச் சொல்லாதீங்க." குத்தினால் குத்துகிறது என்று எழுதுவேன். ஒரு புள்ளி குறைத்து மறுபடி அனுப்புவார்.

அடுத்த நோம்பியில் சவுண்டுகாரரின் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டில் வழக்கம்போலக் கிட்டார் பட்டனுக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு கொஞ்சம் ஏற்றியது. ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறவர் பாராட்டி ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "ராசிபுரத்துக்கு நேரமே வந்துரு குமரேசா, உனக்கு ரெண்டு பாட்டு சேர்த்திருக்கறேன்" என்றார். அன்று திரும்பும் வழியெல்லாம் அண்ணன் ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மல்லசமுத்திரம் போயிருந்தேன். கட்டில் மேல் கிட்டாரும் ஹெட்போனும் இருந்தன. "இந்தக் கட்டில்ல உக்காந்துட்டு டிக்கு டிக்குன்னு கம்பியை நோண்டிட்டே இருப்பாருங்க" என்றார் தேவகி அக்கா. "என்னதான் இருக்குதோ இதுலன்னு வைவேன்." கச்சேரிக்குப் போனதில்லையா என்று கேட்டேன். "மாட்டை உட்டுட்டு எங்கீங்க போறது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் இல்லாத எலக்ட்ரிக் கிட்டாரில் வெளியே கேட்பது வெறும் கம்பிச் சத்தம். டோன் முழுக்க ஹெட்போனுக்குள். இத்தனை வருஷமும் அக்கா கேட்டது அந்த டிக்கு டிக்கு மட்டும்தான்.

அண்ணன் கடைசியாக அனுப்பிய பதிவை எடுத்து, ஹெட்போனை அக்காவின் தலையில் மாட்டி, ஓடவிட்டேன். முதலில் கதவைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "இதையா வாசிச்சிட்டு இருந்தாரு?" என்று சத்தமாகக் கேட்டார். ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சத்தமாகப் பேசுவோம். சற்றுப் பொறுத்து, "தம்பி, மறுக்காப் போடுங்க" என்றார்.

கொட்டகையில் மாடு கத்தியது. அக்காவுக்குக் கேட்கவில்லை. நான் எழுந்து போய்த் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். குமரேசன் அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த மதியத்தைத்தான். அந்தக் கிட்டார் அங்கே எனக்குத் துளியும் கேட்கவில்லை. அவர் வீட்டில் முதல்முறையாக அது அக்காவுக்கு முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.