எட்டாவது துண்டு

திருச்சுழியில் எங்கள் குடும்பத்துக்கு மோட்டார், பைப் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் விருதுநகரிலிருந்து இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தவள். கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் பில் போடுகிற வேலை என்னிடம் வந்தது. சமையலறை மூத்த மருமகளிடம் இருந்தது. ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனாலும் வெகுநாள் வரை எங்களுக்குள் பேச்சு என்றால், "குழம்புக்கு உப்புப் பாத்தியா?" "பாத்தேங்க்கா." அதோடு சரி. சண்டை ஒன்றும் இல்லை. பேச விஷயம் இல்லை என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு கோடை மதியம். ஆண்கள் இருவரும் லோடு எடுக்க மதுரைக்குப் போயிருந்தார்கள். அந்த வெயிலில் கடைக்கு யார் வரப்போகிறார்கள் என்று நான் போனில் ஒரு சண்டை கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். அக்கா மோர் கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் உள்ளே போகவில்லை.

"பின்னாடி வந்து குத்து. முட்டிக்கிட்டுப் போனா அவன் தூக்கி எறிஞ்சிருவான்."

திரும்பிப் பார்த்தேன். அக்காவின் முகத்தில் விளையாட்டே இல்லை. சொன்னபடி பின்னால் வந்து குத்தினேன். ஜெயித்துவிட்டேன்.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமாக்கா?"

"அருப்புக்கோட்டையில எங்கப்பா சி.டி. கடை வச்சிருந்தாகல்ல. அங்கயே ஒரு டிவி, ஒரு கேம் பெட்டி. பயலுக காசு குடுத்து வெளையாடுவாய்ங்க. ஸ்கூல் விட்டா நான் அங்கதான் கெடப்பேன்."

மறுநாள் பீரோவிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார். அவர் விளையாடிய கேம் அதில் இருக்கிறது என்றார். அந்த டிஸ்க் கீறல் விழுந்து வீணாகும் முன்பே அவருடைய தம்பி அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாராம். காலேஜ் ஹாஸ்டலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோக வசதியாக அதைத் துண்டு போட்டாராம். பிறகு துண்டுகளையெல்லாம் இதில் போட்டு, அக்கா கல்யாணமாகிக் கிளம்பும்போது கையில் கொடுத்திருக்கிறார்.

"இத்தனை வருசமா யாருகிட்டயும் கேக்கலையாக்கா?"

"யாருகிட்டக் கேக்க? ரெண்டு பிள்ளை பெத்தவ கேம் வெளையாடணும்னா சிரிக்க மாட்டாகளா?"

நான் சிரிக்கவில்லை. எமுலேட்டர் ஒன்றை இறக்கினேன். பழைய கேம் பெட்டி செய்த வேலையைக் கம்ப்யூட்டரையே செய்யவைக்கிற மென்பொருள் அது. ஆனால் அதற்கு முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலாக வேண்டும். அக்காவிடம் இருந்ததோ பெயருக்குப் பின்னால் எண் போட்ட துண்டுகள். ஒட்டுவதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே கட்டளை இருக்கிறது என்று நெட்டில் படித்தேன். கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, 'காப்பி' என்று அடித்து, துண்டுகளின் பெயர்களுக்கு நடுவே கூட்டல் குறி போட வேண்டும்.

முதல் தடவை, சோதனைக்கு இரண்டு துண்டுகளை மட்டும் ஒட்டினேன். வந்த ஃபைல் ஒரு போட்டோ அளவுகூட இல்லை. சாய்கோடு போட்டு 'பி' என்ற எழுத்தைச் சேர்க்க மறந்திருந்தேன். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் துண்டுகளைக் கடிதம் மாதிரி படித்து, பாதியிலேயே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுமாம். இரண்டாம் தடவை 'பி' போட்டேன். ஆனால் எல்லாப் பெயரையும் அடிக்கச் சோம்பல்பட்டு, நட்சத்திரக் குறி ஒன்றைப் போட்டு மொத்தமாக ஒட்டச் சொன்னேன். ஃபைல் பெரிதாக வந்தது. எமுலேட்டரில் போட்டதும் ஆரம்ப இசை கேட்டது. அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தார். உடனே திரை இருண்டது. அப்படியே நின்றுவிட்டது.

"செத்துப்போச்சா?"

"இருங்கக்கா, பாப்போம்."

கம்ப்யூட்டர் எந்த வரிசையில் ஒட்டியது என்று பார்த்தேன். அக்கா வாய்விட்டுப் படித்தார். "ஒண்ணு, பத்து, பதினொண்ணு, ரெண்டு, மூணு... இது எந்த ஊரு எண்ணிக்கைடி?" இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எண்ணையும் அது எழுத்தாகத்தான் படித்திருக்கிறது. பைப் வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அவரை அனுப்பிவிட்டுச் சரியான வரிசையில் அடிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஏழுக்கு அடுத்து ஒன்பது இருந்தது. எட்டு இல்லை.

அக்கா தம்பிக்குப் போன் போட்டார். அருப்புக்கோட்டையில் கேமரா மாட்டும் வேலை செய்கிறார் அவர். "பழைய ஹார்ட் டிஸ்க்கு எங்கயோ கெடக்கும்க்கா. வா, தேடுவோம்" என்றார். ஜாக்கெட் துணி எடுக்கப் போகிறோம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, அடுத்த நாளே இருவரும் பஸ் ஏறினோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து வெளியே போனது அதுதான் முதல் தடவை. வழி நெடுக அக்கா பேசிக்கொண்டே வந்தார். வெளியே கருவேலங்காடு ஓடியதை நான் கவனிக்கவே இல்லை.

தம்பி வயர் சுருள்களுக்கு அடியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார். கம்ப்யூட்டரில் மாட்டியதும் அது சுழல்கிற சத்தம் கேட்டது. எட்டாவது துண்டு அதில் பத்திரமாக இருந்தது.

அதை ஏற்றிக் கொடுத்தபடியே தம்பி என்னிடம் கேட்டார். "எங்கக்கா வெளையாடிப் பாத்திருக்கீகளா?"

"இன்னும் இல்லயே."

"பாருங்க. இவ உக்காந்தா பயலுக காசத் திருப்பிக் குடுன்னு எந்திரிச்சுப் போயிருவாய்ங்க. அப்பாவே கெஞ்சுவாரு, 'ஏத்தா, ஒரு ஆட்டமாச்சும் தோத்துப்போத்தா, யாவாரம் போகுது'ன்னு."

"தோத்தேனான்னு கேளு," என்றார் அக்கா என்னைப் பார்த்து.

"தோத்தீகளாக்கா?"

"எதுக்கு?"

திரும்பும் வழியில் கைப்பிடிக் கன்ட்ரோலர் இரண்டு வாங்கினோம். ஜாக்கெட் துணியை மறந்துபோனோம். அத்தை கேட்டபோது, "நல்ல கலரு அமையல" என்று அக்கா கூசாமல் சொன்னார்.

இந்த முறை எல்லாப் பெயரையும் ஒவ்வொன்றாக நானே அடித்தேன். இசை வந்தது, தலைப்பு வந்தது, சண்டைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். வெள்ளைத் தாடிக் கிழவன் ஒருவனை அக்கா தேர்ந்தெடுத்தார். நான் வாட்டசாட்டமான ஒருவனை எடுத்தேன். என் ஆள் கையை ஓங்குவதற்குள் தரையில் கிடந்தான். அக்கா திரையைத்தான் பார்த்தார், விரல்களைப் பார்க்கவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, புருவம் உயர்ந்து, சமையலறையில் நான் ஒருநாளும் பார்த்திராத முகம்.

ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருந்த நேரத்தில் கம்ப்யூட்டரை டிவியில் இணைத்தோம். அக்காவின் கணவர் என்ன சத்தம் என்று வந்து நின்றார்.

"நீங்க வாரீகளா ஒரு ஆட்டம்?" என்று அக்கா கேட்டார்.

"இதுல என்ன இருக்கு, குடு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தோற்றார். பட்டன் சரியில்லை என்றார். கன்ட்ரோலரை மாற்றிக் கொடுத்தோம். மறுபடியும் தோற்றார். அத்தை கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "ஏலே, அவ கால நீட்டுறப்ப நீ குனியணும்லே" என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். குனிந்தும் பயனில்லை. தோற்றவர் கோபப்படுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அவரோ மனைவியை வியப்போடு திரும்பிப் பார்த்து, "கல்யாணத்தப்ப ஒரு வார்த்த சொல்லலயே" என்றார்.

"நீங்க எங்க கேட்டீக?" என்றார் அக்கா. அடுத்த ஆட்டத்துக்கான பட்டனை அவர் அதற்குள் அமுக்கியிருந்தார்.