அலைதாங்கியின் மூன்றாம் இதழ்

ஸுஹைரைக் கிண்ணியாவில் எல்லோரும் "எழுத்தாளர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாதிப்பேர் மரியாதையாக, மீதிப்பேர் பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த மனிதன் தன் வாழ்நாளில் ஒரு கதைகூட எழுதியதில்லை. அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே பெயர்களையெல்லாம் மாற்றி இங்கே எழுதிவிடுகிறேன்.

சீனக்குடாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் அவனுக்கு வேலை. நான் அன்புவழிபுரத்து ஆள், அதே களஞ்சியத்தில் லொறிகளை அனுப்புகிறவன். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கதைத்துக் கதைத்தே நாங்கள் இருவரும் "அலைதாங்கி" என்ற சஞ்சிகையைத் தொடங்கினோம். ஸுஹைர் ஆசிரியர். நான் அச்சகத்துக்கு அலைகிற ஆள். கடதாசி விலை ஏறிக் கிடந்த காலம். புத்தியுள்ளவன் எவனும் செய்யமாட்டான். முதல் இரண்டு இதழையும் எழுதியவர்களைத் தவிர வேறு யாரும் வாசித்ததாகத் தகவல் இல்லை.

மூன்றாவது இதழை ஊரே வாசித்தது. அதில் புனைபெயரில் ஒரு கதை. கிண்ணியாவில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்துவிடுவார். புது வீடு கட்ட வழியில்லாதவர்கள் தாங்கள் இருந்த வீட்டையே மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் அடுப்படிக் குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். கதையில் வருகிற தகப்பனும் அப்படித்தான். முன்வீட்டுக்கு விருந்தாளி வந்தால், இடுப்பில் கட்டிய சாரனின் தலைப்பை வாயில் வைத்து இருமலை அடக்கிக்கொண்டு, அவர்கள் போகும்வரை குசினியில் குந்தியிருப்பார். அவ்வளவுதான் கதை. அதில் யாரையும் திட்டவில்லை.

இதழ் வெளிவந்த கிழமையே மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கின. "என்ர மாமாவைப் பத்தி எழுத நீங்க ஆரு?" என்று வந்து நின்ற மருமகன்மாரில் பலரை எங்களுக்கு முன்பின் தெரியாது. பஹ்மி என்ற கடைக்காரர், "எங்கட மாமா இருமுறது ஆஸ்துமாவால! அடக்கச் சொல்லி நான் ஒருநாளும் சொல்லல்ல!" என்று களஞ்சிய வாசலில் நின்று கத்தினார். அவருடைய மாமா குசினியில் படுக்கிறார் என்பது அன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மறுக்க வந்தவர்கள் தங்கள் வீட்டு விஷயத்தைத் தாங்களே சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸுஹைர் சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. அவனுடைய மாமனார் ஜவ்பரும் வீட்டை மூத்த மகள் நிப்லாவுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால்தான் இருந்தார். நிப்லா ஸுஹைரின் மனைவி. கதையை எழுதியது அவளுடைய தங்கச்சி அஸ்மியா. மூதூர்ப் பையன் முனீபோடு அஸ்மியாவுக்கு நிச்சயமாகி, எப்படியோ கடன்பட்டு அவளுக்கும் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எழுதியவள் அவள்தான் என்று தெரிந்தால் மூதூர்க்காரர் ஒரு நிமிஷமும் நிற்கமாட்டார்கள். வாப்பாவின் மானத்தைச் சந்திக்குக் கொண்டுவந்த பெண் என்று பெயர் எடுத்தால் வேறு இடமும் சரிவராது.

ஊர்ப் பெரியவர்கள் றம்ஸான் ஹாஜியார் வீட்டு விறாந்தையில் கூடி ஸுஹைரைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். எழுதின ஆளைச் சொல்லு என்று ஒரே பிடியாக நின்றார்கள். ஜவ்பர் மூலைக் கதிரையில் இருந்தார். ஸுஹைர் அவரைப் பார்க்காமலே சொன்னான்:

"நான்தான் எழுதினனான்."

சஞ்சிகை அன்றோடு நின்றது. அது ஊர் போட்ட தண்டனை. வீட்டில் கிடைத்தது அதைவிடப் பெரிது. நிப்லா சோறு போடுவாள், கதைக்கமாட்டாள். கதை பொய் என்று காட்டுவதற்காக ஜவ்பரை மினுக்கி மடிப்பெடுத்த சட்டையோடு முன் விறாந்தையில் இருத்திவைத்தார்கள். பாவம், அந்த மனிதர் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு பகல் முழுக்க அங்கேயே இருப்பார். மருமகன் வேலையால் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஸுஹைருக்கு அவரென்றால் உயிர். கோபித்துக்கொண்டு வெளியேறவும் அவனுக்குப் போக்கிடமில்லை. அஸ்மியா "நான் சொல்லிடுறன் மச்சான்" என்று அழுதாள். அவன் விடவில்லை.

"பிரகலாதன், மூச்சு முட்டுது" என்றான் என்னிடம்.

"உண்மையைச் சொல்லித் துலையுமன்!"

"எப்பிடிச் சொல்ற? அவள்ட வீட்டுக்கு இன்னும் கூரை போடல்ல."

கல்யாணத்துக்குக் கொஞ்சம் முந்தி, ஒருநாள் ஜவ்பர் தனியாகப் பஸ் ஏறிக் களஞ்சியத்துக்கு வந்தார். நான் எழும்பினேன். இருக்கச் சொன்னார்.

"மருமகன், அதை எழுதினது அஸ்மியா. எனக்குத் தெரியும்."

"இல்ல மாமா, நான்தான்" என்று ஸுஹைர் தொடங்கினான்.

"நான் சாரனை வாயில வச்சு இருமலை அடக்குறது முன்னுக்குப் படுக்கிற உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அது எங்களோட குசினியில படுக்கிறவளுக்குத்தான் தெரியும்."

ஸுஹைர் அழுதேவிட்டான். ஜவ்பர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாடா, இனியாவது இவன் அந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடுவான் என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

"ஆனா நான் அறிஞ்சது ஒருத்தருக்கும் தெரியக்கூடா. அவளுக்கும்தான். நான் உங்களோட சிரிச்சுக் கதைச்சா, அப்ப எழுதினது வேற ஆரோ எண்டு ஊர் யோசிக்கும். நீங்க உள்ள வந்தா நான் முகத்தைத் திருப்பத்தான் போறன். குறை நினைக்காதீங்க மகன்."

கையை விட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அஸ்மியா இப்போது தன் வீட்டில் இருக்கிறாள். முனீப் நல்ல பையன்தான். ஜவ்பர் சொன்ன சொல் தவறாதவர்; இன்றைக்கும் ஸுஹைரைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். நடிப்புத்தானே, விடும் என்று போன கிழமையும் அவனைத் தேற்றினேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்றான் ஸுஹைர். "நேத்து வீட்டில வேற ஒருத்தரும் இல்ல. அவரும் நானும் மட்டும்தான். அப்பவும் அவர் என்னைப் பார்க்கல்ல."