இருட்டில் தலையாட்டிய எங்கள் அண்ணன்

குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலை தேடி வந்த எங்கள் அப்பாவுக்கு மூத்த பிள்ளையாக, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவர் எங்கள் அண்ணன். அதிகம் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் சரி என்பதற்குத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார். பெண் பார்த்த அன்றும் அந்த ஆட்டல்தான். அதை நம்பி அண்ணியும் வந்துவிட்டார்!

அப்பா இருமி இருமியே போய்ச் சேர்ந்த பிறகு, படிப்பை விட்டுச் சுரங்கத்தில் இறங்கி எங்களையெல்லாம் கரையேற்றினார். பாறைக் கூரைக்கு மரத்தால் முட்டுக் கொடுப்பது அவர் வேலை.

அறுபதுகளின் நடுவில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் கானா நாட்டிலிருந்து இரண்டு இளைஞர்கள் அண்ணனிடம் சுரங்க வேலை பழக வந்தார்கள். கடலோரத்துக் கோஃபி கிறிஸ்தவர்; வடக்கேயிருந்து வந்த இப்ராகிம் முஸ்லிம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இருவரையும் சாப்பிட அழைத்து வந்தார். அவர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டதைக் கேட்டு அண்ணி திகைத்தார்.

"ஏன்யா, ஒரே நாட்டுக்காரங்க வூட்டு பாஷையில பேசிக்கினா இன்னாவாம்?"

"இவரு பாஷை அவருக்கு வராது. அங்க எத்தினியோ பாஷை, எத்தினியோ சாமி."

"அப்போ சண்டை வராதா?"

அண்ணன் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார். இப்ராகிம் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"வருமாம். ஆனா அவங்க பக்கத்துல சில எனத்துக்காரங்களுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் கேலி பண்றது மொறையாம். யாரும் கோச்சிக்கக் கூடாதாம்."

"அடடா, நான் அந்த ஊர்ல இல்ல பொறந்திருக்கணும்!" என்றேன், வாயாடித் தங்கையான நான். நாங்கள் புத்தரைக் கும்பிடுபவர்கள், பக்கத்து வீடு தெலுங்கு, எதிர்வீடு கன்னடம் என்று அண்ணன் சொன்னதும், இங்கேயும் அப்படித்தானா என்பதுபோல் இப்ராகிம் எங்கள் லைனையே எட்டிப் பார்த்தார்.

சில வாரம் கழித்து, பகல் ஷிஃப்டில் அபாயச் சங்கு ஊதியது. சுரங்க வாசலுக்கு ஓடினோம். கீழே அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்திருந்தது. ஆட்களை ஏற்றி வரும் கூண்டு மேலே வரும்போதெல்லாம் ஆட்கள் இறங்கினார்கள். அவர்களில் அண்ணனும் அந்த இருவரும் இல்லை.

"இன்னாமே, இன்னும் காணமே?" என்று அண்ணி என் புடவையைப் பிடித்து இழுத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூண்டு வாசலுக்கு முண்டியடித்தேன்.

கீழே நடந்ததைக் கோஃபி பிறகு சொன்னார். முட்டு மரங்கள் நெரிபட்டு முனகிக்கொண்டிருந்தன. தாங்குமா என்று பார்க்க அண்ணன் முதலில் அவற்றினடியே கடந்து போனார். மற்ற இருவரும் அந்தப் பக்கம். பேச்சுக் கேட்காத இரைச்சல். வரலாமா என்று இப்ராகிம் கையைத் தூக்கிக் கேட்டார். அண்ணன் வழக்கம்போலத் தலையாட்டினார். நெற்றியில் கட்டிய விளக்கும் பக்கவாட்டில் ஆடியது. சுரங்கத்தில் விளக்கு அப்படி ஆடினால் 'நில்' என்று அர்த்தம். அண்ணனைத் தெரிந்த எங்கள் ஆட்கள் அதைக் கண்டுகொள்ளமாட்டார்கள். அந்தப் பிள்ளைகளோ பாடம் படித்தவர்கள், நின்றுவிட்டார்கள். அண்ணன் இன்னும் வேகமாக ஆட்டினார். அவர்கள் பின்வாங்கினார்கள்.

அப்போதுதான் அண்ணனுக்குப் புரிந்தது. அந்த மரங்களுக்கு அடியிலேயே திரும்பிப் போய், இருவர் கையையும் பற்றி இழுத்து வந்தார். பின்னாலேயே கூரை இறங்கியது. ஒரு கல் அவர் தோளைப் பிளந்தது.

கடைசிக் கூண்டில் மூவரும் வந்தார்கள். இப்ராகிம் மண்ணில் நெற்றி வைத்தார். கோஃபி முழங்காலிட்டார். அண்ணன் ரத்தம் சொட்ட இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

தோளில் கட்டோடு அவர் வீடு திரும்பியதும் அண்ணி வெடித்தார். "தப்பிச்சி இந்தாண்ட வந்துட்டியே, திரும்பி எதுக்குய்யா போன? நம்ம கொழந்தைங்கள நெனைச்சியா?"

"நான்தானே அவங்கள நில்லுன்னேன். எம்பேச்சக் கேட்டு நின்னுக்கினு கீறாங்க. உட்டுட்டு எப்டி வர்றது?"

அண்ணி அடுப்படிக்குப் போனார். கூட வந்திருந்த அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்.

அந்தத் தோள் பிறகு சரியாகவே இல்லை. அப்பாவைக் கொண்டுபோன சுரங்கத் தூசி இருமலே அண்ணனையும் கொண்டுபோனது. கோலார் ஆஸ்பத்திரியில் உடனிருந்தவர்களுக்கும், கடைசியில் தோள் கொடுத்த எல்லா மதத்து நண்பர்களுக்கும் எங்கள் வணக்கம். இன்னொருவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். சங்கு ஊதிய அன்று கூட்டத்தில் நின்ற ஒரு கன்னடத்து அம்மா, பெயர்கூடத் தெரியாது. அவர் வீட்டுக்காரர் முதல் கூண்டிலேயே மேலே வந்துவிட்டார். ஆனாலும் அண்ணன் வரும்வரை அந்த அம்மா வீட்டுக்குப் போகவில்லை.