படிக்கட்டில் போட்ட நாற்காலி

போன வருடம் கத்திரி வெயில் முடிந்து முதல் தூறல் போட்ட சமயம். புதுச்சேரி சாரத்தில் இருக்கும் என் தோழி வீட்டு மாடியில்தான் இந்தக் கதை தொடங்கியது. முடிந்தது அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு மண் மைதானத்தில்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். காலையில் ஆறரைக்கெல்லாம் வரிசையில் நிற்பவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பது என் வேலை. "உன் கை ராசியான கைம்மா, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம்தான் குத்திக்கொள்வேன் என்று அடம்பிடித்துக் காத்திருக்கும் பாட்டிமார்கள்கூட உண்டு. அப்படிப்பட்ட நான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோழி வீட்டு மாடிப்படி ஏறினால் போதும், ராசி கெட்டவள் ஆகிவிடுவேன்.

அங்கே நாங்கள் நான்கு பேர். நான், என் தோழி, அவள் கணவர், அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர். தோழியின் கணவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். சிநேகிதர் பரம்பரையாக ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எல்லோருக்கும் அவர் பாய். கிரிக்கெட் மேட்ச் இருந்தால் மேட்ச், இல்லாவிட்டால் பாட்டுப் போட்டி, அதுவும் இல்லாவிட்டால் புதுப்படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுவது. இதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை.

ஒருநாள் நான் பஜ்ஜிப் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்த நேரம் பார்த்து நம் ஆள் ஸ்டம்பைப் பறிகொடுத்தான். சட்னி எடுக்க அடுப்படிக்குப் போனேன், சிக்ஸர். திரும்பி வந்தேன், இன்னொரு விக்கெட். அண்ணா எழுந்து நின்று கும்பிட்டார். "தாயே, நீ அடுப்படியிலயே இரு." அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். பாட்டுப் போட்டியில் நான் ஓட்டுப் போட்ட பையன் அந்த வாரமே வெளியே போனான். நான் அடித்துப் பிடித்து முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்த படம் மூன்றாம் நாளே தியேட்டரை விட்டு ஓடியது. "எங்க கடைக்கு எதுத்தாப்புல ஒருத்தன் புதுசா கடை போடறான். இந்தப் பொண்ண அங்க ஒரு தடவ துணி எடுக்க அனுப்பிவிடணும்" என்றார் பாய். வயிறு வலிக்கச் சிரித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.

ராசி விஷயத்தில் அவர்கள் எல்லோருமே ஒரு மாதிரிதான். அண்ணா ஒரு டி-ஷர்ட்டை ஒரு தொடர் முடிகிறவரை துவைக்க விடமாட்டார். நம் ஆட்கள் நின்று ஆடிக்கொண்டிருந்தால் தோழி மடக்கிய காலை நீட்டமாட்டாள். பாய் கடைசி ஓவரில் எவ்வளவு முட்டினாலும் பாத்ரூம் போகமாட்டார். எனக்கு மட்டும் மாடிப்படி வளைவில் கைப்பிடி உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மேட்ச் முடிகிறவரை என் இடம் அதுதான். பஜ்ஜி மட்டும் தட்டில் வெளியே வரும்.

இங்கே ஒரு ரகசியம். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, காதில் இயர்போனை மாட்டி, செல்போனில் ஒரு பந்து விடாமல் மேட்ச் பார்ப்பேன். செல்போனில் படம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். உள்ளேயிருந்து அவர்கள் கத்துவது முதலில் கேட்கும், அப்புறம்தான் எனக்குப் பந்தே விழும். நடக்கப்போவது தெரிந்தே பார்க்கிற சுகம் தனி. "நீ பாக்காததாலதான் ஜெயிச்சோம்!" என்று குதித்துக்கொண்டு வெளியே வருவார்கள். நானும் ஒன்றும் தெரியாத பூனை மாதிரி கைகொடுப்பேன்.

ராசியில்லாதவள் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் எனக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் மனசு. தப்பு அவன் பேரில். ஆனால் என் பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் காபி கொடுக்கும்போதே, "இவ ராசி அப்படி" என்றார். அதைக் கேட்டு அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதே சொல் தோழி வீட்டில் பஜ்ஜியோடும் சிரிப்போடும் வந்தபோது, அப்பாடா, இதன் விஷம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். நினைப்புதான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஆட்டம் ஒன்று உண்டு, பெத்தாங். சின்ன மரக்குண்டு ஒன்றை மண்ணில் வீசிவிட்டு, வட்டம் போட்டு அதற்குள் நின்றுகொண்டு, கைக்கடக்கமான இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி போட வேண்டும். யார் குண்டு மரக்குண்டுக்கு நெருக்கமோ அவர்களுக்குப் புள்ளி. முதலில் பதிமூன்று எடுப்பவர்தான் ஜெயித்தவர். எதிராளி குண்டு குறுக்கே நின்றால் அடித்துத் தள்ளலாம். நாங்கள் சேர்ந்து ஆடும்போது அந்த அடிதான் என் வேலை. நரம்பைத் தேடிக் குத்திப் பழகிய கை, குறி அவ்வளவு லேசில் தப்பாது. ஆறு மாதம், லேப் முடிந்து தினமும் ஒரு மணி நேரம் தோழி வீட்டுப் பக்கத்து மண் மைதானத்தில் பழகினேன். ஒரு குண்டைச் செங்கல்லில் சாய்த்து வைத்து, அதைக் குறிபார்த்து அடித்து அடித்து, கட்டைவிரல் நகமே கறுத்துப்போனது.

அந்த வட்டாரத்துப் பெத்தாங் குழுக்கள் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். அணிக்கு மூன்று பேர், கூடுதலாக ஒரு மாற்று ஆள். அண்ணா கேப்டன், பாய், நான். மாற்று ஆளாகத் தோழியின் தம்பி. முதல் ஞாயிறு இரண்டு ஆட்டமும் தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். அடுத்த ஞாயிறு காலை அரையிறுதி. எனக்கு லேபில் டூட்டி, லீவு கிடைக்கவில்லை. எனக்குப் பதிலாகத் தம்பி இறங்கினான். பதிமூன்றுக்கு இரண்டு என்று ஊதித் தள்ளிவிட்டார்கள். சேதி கேட்டு லேபிலேயே கைதட்டினேன், ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர் பயந்துவிட்டார்.

அன்றைக்கே மதியம் மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். என் குண்டுகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன். அண்ணா என் முகத்தைப் பார்க்காமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஜெயிச்ச டீம மாத்த வேணாம்னு பாக்கறேன். தம்பியே ஆடட்டும்."

"அவன் என்னவிட நல்லா அடிக்கிறானாண்ணா?"

"அடிக்கிறது இல்லம்மா விஷயம். ஒனக்கே தெரியுமே, ஒன் ராசி..."

வழக்கமான சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. அது இல்லை என்று தெரிந்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. பெரியம்மாவின் கூடம் ஞாபகத்துக்கு வந்தது. தோழியைப் பார்த்தேன். "வுட்டுடேன்டி, ஒரு மேட்ச்தானே" என்றாள். பாயைப் பார்த்தேன், அவர் மரத்தைப் பார்த்தார். அந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

எனக்கு வந்ததே கோபம்! "படியில உக்காந்து நான் என்ன பண்ணேன்னு நெனச்சீங்க? ஒரு பந்து வுடாம செல்லுல பாத்தேன். நீங்க ஜெயிச்ச மேட்ச் அத்தனையும் நானும்தான் பாத்தேன். இப்ப சொல்லுங்க, என் ராசி எங்க போச்சு?"

மூன்று பேரும் விழித்தார்கள். அண்ணா கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா? "அப்படின்னா நீ படியில உக்காந்து பாத்ததாலதான் ஜெயிச்சிருக்கோம்."

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? மேற்கே போனால் கிழக்கே வந்து நிற்கிற பேச்சு. இதோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்று அந்த இடத்திலேயே புரிந்தது. நடுவர் எங்கள் அணியைக் கூப்பிட்டார். நான் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய், "மூணாவது ஆள் நான்தாங்க" என்று சொல்லிவிட்டு வட்டத்துக்குள் நின்றுகொண்டேன். மரியாதை இல்லாத காரியம்தான், ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு முறை வந்தாலும் அதையேதான் செய்வேன். பாய் மெதுவாக வந்து, கீழே வைத்திருந்த என் குண்டு ஒன்றை மண்ணைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "ஆடு பா" என்றார். அண்ணா தலையைச் சொறிந்துகொண்டு வந்து சேர்ந்துகொண்டார்.

எதிர் அணி மூன்று பென்ஷன்காரர்கள். அந்த மண்ணிலேயே முடி நரைத்தவர்கள். அதில் ஒருவர் தொப்பியைத் தூக்கி, "போன் ஷான்ஸ் மதாம்" என்று பிரெஞ்சில் அதிர்ஷ்டம் சேர வாழ்த்தினார். "அது வேணாங்க சார், கை இருக்கு" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆட்டம் எங்களுக்கு ஏறவே இல்லை. என் முதல் இரண்டு அடியும் வீண். பதினொன்றுக்கு ஐந்து என்று பின்னால் கிடந்தோம். வேலி ஓரத்தில் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பே "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றது. முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆடுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. பயந்த நோயாளிக்கு முன்னால் நான் எப்படி மூச்சை விடுவேனோ அப்படி ஒருமுறை விட்டேன். அடுத்த அடி நெத்தியடி. எதிராளி குண்டு தெறித்து வேலிவரை ஓடியது. அதற்கடுத்ததும் அப்படியே. அண்ணா பக்கத்தில் கொண்டுபோய் வைக்க, பாய் காவல் காக்க, நான் குறுக்கே வந்ததை எல்லாம் அடித்து விரட்ட, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு! தோழி வேலிக்கு வெளியே குதித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுற்று. எல்லோர் குண்டும் முடிந்து, என் கையில் ஒன்றே ஒன்று பாக்கி. மரக்குண்டை ஒட்டி எதிராளி குண்டு, அதற்கு அடுத்து எங்களுடையது. அதை அடித்துவிட்டால் கோப்பை எங்களுக்கு, விட்டால் அவர்களுக்கு. வீசினேன். குண்டு கையை விட்ட உடனே தெரிந்துவிட்டது. ஒரு விரற்கடை முன்னாலேயே மண்ணைத் தொட்டு, எகிறி, எதிராளி குண்டுக்கு மேலாகத் தாண்டிப் போய்விட்டது.

தோற்றோம்.

தம்பி, "பாத்தீங்களா மாமா? இதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தான். அண்ணாவும் பெருமூச்சு விட்டார். "சரி வுடு. ஒன் ராசிக்கு நீ என்னம்மா பண்ணுவ" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தது, இருந்தாலும் குரல் கணீரென்று வந்தது.

"ராசி இல்லண்ணா. நான் அவசரப்பட்டுட்டேன். மணிக்கட்ட சீக்கிரம் மடக்கிட்டேன். தப்பு என்னுது, அத தூக்கி ராசி கையில குடுக்காதீங்க. கை தப்புன்னா நாளைக்குத் திருத்திக்குவேன். ராசிதான் தப்புன்னா எனக்கு நாளைக்கே இல்லாம போயிடும்."

தோழி வந்து என் தோளில் கையைப் போட்டாள். பாய் என் குண்டுகளைப் பொறுக்கித் துணியில் சுற்றிக் கொடுத்தார். "மொதல்லயே நான் பேசியிருக்கணும். பேசல. மன்னிச்சிடு" என்றார். அவரும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு மேட்ச் இருந்தது. மாடிப்படி வளைவில் அதே நாற்காலி. அதைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன், டிவிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது பந்திலேயே நம் ஆள் அவுட். மூன்று தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. "என்ன பாக்கறீங்க? போட்டவன் நல்லா போட்டான்" என்றேன். முதலில் சிரித்தது அண்ணாதான். அந்த மேட்சிலும் தோற்றோம். கடைசிப் பந்துவரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

போன வாரம் லேபில் ஓர் அம்மாவுக்கு நரம்பு சிக்காமல் ஊசி தவறிவிட்டது. "இன்னிக்கு என் நேரமே சரியில்லம்மா" என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். "உங்க நேரத்துக்கு ஒண்ணும் இல்லைங்க, நான்தான் தப்பா குத்திட்டேன், அந்தக் கையக் குடுங்க" என்று சொல்லி மறுபடி குத்தியபோது ரத்தம் சுலபமாக வந்தது. யாரும் எனக்கு ராசியாகத் தர முடியாத, யாரும் என்னிடமிருந்து பறிக்கவும் முடியாத, தப்பைத் திருத்திக்கொள்கிற அந்த இன்னொரு தடவையைத்தான் நான் அந்த மண் மைதானத்தில் தோற்று வாங்கிக்கொண்டு வந்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.