மலாவி ஆராய்ச்சியை அடுக்கிக் கொடுத்த அம்மா

கீழே பஞ்சர் கடை, மேலே எங்கள் ஆபீஸ். ரப்பர் சூடாகும் வாசனை படியேறி வந்து கம்ப்யூட்டர்களுக்கு நடுவே தங்கிவிடும்... செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் என் முதல் வேலை அது.

டிகிரி முடித்த கையோடு சேர்ந்தேன். சிங்கவரத்திலிருந்து தினமும் சைக்கிள். ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் பழைய ஆய்வேடுகள், பத்திரிகைகள், அரசுப் பதிவுகள் எல்லாம் ஸ்கேன் செய்த படங்களாக எங்களுக்கு வரும். நாங்கள் பக்கங்களை வரிசைப்படுத்தி, தலைப்பும் பெயரும் டைப் செய்து திருப்பி அனுப்புவோம். அதன் பிறகு உலகத்தில் எந்த நூலகத்திலிருந்தும் அதைத் திறந்து படிக்கலாம்.

ஒரு நாள் மலாவி நாட்டிலிருந்து ஓர் ஆய்வேடு வந்தது. மேலும் கீழும் கரையான் அரித்த பக்கங்கள். பக்க எண் ஒன்றில்கூட இல்லை. எழுத்து இருந்த பக்கங்களை எப்படியோ கோத்துவிட்டோம். பதினொரு பக்கம்தான் பிடிபடவில்லை. எல்லாம் கையால் வரைந்த செடிப் படங்கள்.

எங்கள் சூப்பர்வைசர் அப்பாண்டைராஜன் சார் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வரிச தெரியலன்னா மொத்தமா ரிஜெக்ட் பண்ணணும்மா. அதான் ரூல். நாளைக்கு மத்தியானம் அனுப்பியாவணும்."

வேறு பிரதி இல்லை என்று கூடவே வந்த குறிப்பில் எழுதியிருந்தது. ரிஜெக்ட் செய்தால் யாரோ ஒருவரின் பல வருட உழைப்பு அதோடு முடிந்தது...

"சார், இது மல்லாட்டை சார்," என்றேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "எங்க அம்மாவாண்ட காட்டுனா சொல்லிடுவாங்க சார்."

சிரிப்பார் என்று நினைத்தேன். பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தார்.

அம்மாவுக்கு நிலம், கொல்லை என்று சொந்தமாக எதுவும் கிடையாது. சின்ன வயதிலிருந்து அடுத்தவர் கொல்லையில் களை எடுத்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்கால வெளிச்சத்தில் வரப்பில் உட்கார்ந்து, தாள்களை மடியில் பரப்பிக்கொண்டாள்.

"இது மொதல்ல. இப்பதான் பூ உட்டுருக்குது... இதுல பாரு, விழுது மண்ணுல எறங்குது. இதுல மண்ணு அணச்சிட்டாங்க. இது காய் புடிச்சது. இத வரஞ்சவரு கொல்லையிலயே குந்தினு பாத்துருக்காருடி!"

ஒரே ஒரு படத்துக்குத்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை. குட்டைச் செடி, இலையெல்லாம் புள்ளி.

"செடி சின்னதா இருக்குதேம்மா. முன்னாடிதான் வரும்."

"சரள மண்ணுல செடி குட்டயாத்தான் நிக்கும். காய் முத்துறப்ப வுழுவுற புள்ளி இது. கடேசில வையி."

நான் பாட்டனி படித்தவள் இல்லையா! ஆபீஸில் அந்த ஒன்றை மட்டும் என் இஷ்டத்துக்கு மூன்றாவதாக வைத்து அனுப்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து அந்தப் பல்கலைக்கழக நூலகரிடமிருந்து மெயில். ஆய்வேட்டை எழுதியவர் ரிட்டயராகி ஊரில் இருக்கிறார். ஸ்க்ரீனில் தன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். பத்துப் படம் சரியான இடத்தில் இருக்கிறது, புள்ளி விழுந்த செடி மட்டும் கடைசியில் வர வேண்டும் என்று அவர் சொன்னதாக நூலகர் எழுதியிருந்தார்.

வெட்கமாகவும் இருந்தது... பெருமையாகவும் இருந்தது. நடந்ததைச் சாரிடம் சொன்னேன்.

"உங்கம்மா பேரு இன்னா?"

"முனியம்மா சார்."

"பதில்ல அவங்க பேரப் போட்டு எழுது."

புள்ளிப் படத்தைக் கடைசிக்கு மாற்றிவிட்டு, அப்படியே எழுதினேன். வீட்டில் வந்து சொன்னபோது அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன், கேட்டியா?"

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. பக்கம் அடுக்குவதை மெஷினே செய்துவிடுகிறதாம். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வாரம் விவசாயம் படிக்கும் மாணவி ஒருத்தி வேர்க்கடலை பற்றிக் கேட்டாள். அந்த ஆய்வேட்டைத் திறந்து கொடுத்தேன். படங்களை யார் அடுக்கியது என்று அதில் எங்கும் இல்லை. நானே சொன்னேன்.

அன்று மலாவி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எங்கள் இருவருக்கும் தெரியாது. இப்போது அம்மா முட்டி வலியால் கொல்லை வேலைக்குப் போவதில்லை. வருஷா வருஷம் என் போனைக் காட்டி, "மலாவில மழ பேஞ்சுதா பாரு," என்பாள்.

"பேஞ்சுதும்மா," என்றால் முகம் மலர்ந்துவிடும்.

"அப்ப வெதச்சிருப்பாங்க."