பாதி விரிந்த குடை

ஷெரோமி அக்கா உட்காரும் கதிரை வாசலைப் பார்த்து இருக்காது. சுவரைப் பார்த்தே இருக்கும். "யாரு வாறாங்கன்னு பாக்கவா எனக்குச் சம்பளம்? நான் படத்துக்குத்தான் காவல்" என்பார். மூக்கால் கொஞ்சம், தொண்டையால் மிச்சம் வரும் குரல் அது. விடுதியில் நான் அந்தக் குரலில் இரண்டு வார்த்தை பேசினால், எல்லாரும் தன்னாலே செருப்பைக் கழற்றிவிடுவார்கள்; அக்காவின் அறைக்குள் செருப்போடு போக முடியாது.

பலாபத்வலப் பக்கம் இருக்கிற எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. பழைய மாணவர்கள் வரைந்த படங்கள், செய்த பானைகள். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, தற்காலிக வேலை என்று வந்தவர் அக்கா. பதினெட்டு வருடமாக மாத்தளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, படச்சட்டங்களின் இடுக்கைப் பழைய டூத்பிரஷ்ஷால் துடைக்கிறார்.

நாங்கள் அங்கே போவது வகுப்பில் தந்த ஒப்படையை எழுத. முறை எளிது: உள்ளே போ, படத்தின் கீழே இருக்கும் லேபலைப் பார், கொப்பியில் எழுது, கன்டீனுக்கு ஓடு. நாற்பது பேருக்கு ஆறு நிமிடம் போதும்.

கூரை ஒழுகிய ஒரு நாள், எல்லாவற்றையும் கழற்றித் துடைத்த அக்கா இரண்டு லேபல்களை மாற்றி ஒட்டிவிட்டார். பஸ் படியில் குடையோடு நிற்கும் பெண்ணின் படத்துக்குக் கீழே, "களிமண் நீர்ப்பானை. வாய் அகன்றது. சமையலறைப் பாவனைக்குரியது." நாற்பது பேரும் ஏழாம் இலக்கப் படத்துக்கு அதையே எழுதினோம். துஷாந்த் மட்டும், "இப்பானை இன்றும் பாவிக்கக்கூடிய நிலையில் உள்ளது" என்று ஒரு வரி கூடச் சேர்த்திருந்தான்.

ஒப்படைகள் கல்லூரித் தலைவரான பீடாதிபதி ஜைனுதீன் சேரின் கைக்குப் போயின. மூன்று தரம் செருமாமல் அவர் வாய் திறப்பதில்லை. அன்று அருங்காட்சியகத்துக்கே வந்து ஐந்து தரம் செருமினார்.

"பொம்பளைக்கும் பானைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகளுக்கு மியூசியம் என்னத்துக்கு? வெள்ளிக்கிழமை திரும்ப வருவேன். இப்படியே இருந்தா, இந்த அறை பரீட்சைத் தாள் வைக்கிற ஸ்டோர்தான்."

அக்கா தலை குனியவில்லை. "லேபல் மாறினது என் பிழை சேர். பாக்காம எழுதினது இவங்க பிழை. ரெண்டையும் நானே திருத்துறேன்."

மறுநாள் நாங்கள் போனபோது சுவரில் லேபல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அக்காவின் மேசை லாச்சிக்குள்.

"அக்கா, எதப் பாத்து எழுதுறது?" என்றான் துஷாந்த்.

"படத்தப் பாத்து."

"பேராவது சொல்லுங்கக்கா."

"பேர் கேட்டுக் கல்யாணமா பேசப் போறீங்க? அந்தப் பொம்பள பஸ்ஸில ஏறுறாளா, எறங்குறாளா? அதச் சொல்லிட்டுக் கன்டீனுக்குப் போங்க."

பார்த்தோம். குடை பாதி விரிந்திருந்தது. பெண்ணின் கால்களைச் சனம் மறைத்திருந்தது.

"ஏறுறாங்க" என்றாள் எங்கள் வகுப்பு ஜெஸ்லா. "எங்க உம்மாவும் இப்படித்தான். கடைசி நிமிசம் வரைக்கும் குடைய மடக்க மாட்டாங்க. கொண்டக்டர் கத்துவாரு."

"எறங்குறா. தோள் காஞ்சிருக்கு பாரு" என்றான் துஷாந்த்.

"பானைக்காரரு பேசிட்டாரு!" என்றாள் ஜெஸ்லா.

அன்று கன்டீன் மூடும்வரை ஒருவரும் நகரவில்லை. வியாழக்கிழமை ஜெஸ்லா வீட்டுக் குடையையே கொண்டுவந்து, வாசற்படியில் ஏறியும் இறங்கியும் காட்டினாள். அக்கா யார் பக்கமும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஜைனுதீன் சேர் வந்தார். பின்னாலேயே இரண்டு பேர் பரீட்சைத் தாள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சேர் செருமிக்கொண்டு படத்துக்குக் கீழே குனிந்தார்.

"லேபல் எங்க?"

"லாச்சிக்குள்ள இருக்கு சேர். முதல்ல நீங்க சொல்லுங்க. ஏறுறாளா, எறங்குறாளா?"

"இதென்ன கேள்வி? எறங்குறா."

"எப்படி சேர்?" ஜெஸ்லா விடவில்லை. "மழையில நின்னவதானே குடைய மடக்கணும்?"

"குடை வந்து..." சேர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி அக்காவின் கதிரையில் உட்கார்ந்தார். நாங்கள் பொறுத்தோம். செருமல் சத்தமே இல்லை.

பெட்டி தூக்கியவர் முன்னால் வந்தார். "சேர், இத எங்க வைக்கிறது?"

"மறைக்காதீங்கப்பா! ஒபிஸுக்கே திருப்பிக் கொண்டு போங்க."

பெட்டிகள் வாசலைத் தாண்டும்வரை அக்கா காத்திருந்தார்.

"லேபல் இனி லாச்சியிலதான் சேர். பாத்து எழுதினவங்களுக்கு மட்டுந்தான் காட்டுவேன்."

"சரி."

"கதிரையும் இன்னும் நாலு வேணும். நீங்க உக்காந்துட்டா எனக்கு எடமில்ல, பாருங்க."